கல்கி எழுதாத ஒரு வசனம்

இரவல் போன புத்தகம் வீடு திரும்பாது என்பார்கள். என் அலுமாரியில் உள்ள ஒரு புத்தகம் மட்டும் போகும், திரும்பி வரும். அதன் பின்னட்டையின் உட்புறத்தில் இதுவரை 23 பேர் தம் பெயரை எழுதியிருக்கிறார்கள். முதற் பெயர் எங்கள் ஊர் அக்கா ஒருவருடையது. அவரைப் பற்றி எழுத வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

1973 ஆம் ஆண்டு எனக்கு 14 வயது. வலிகாமத்தில் எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் இருந்தார். கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த பொன்னியின் செல்வனை வாரந்தோறும் கழற்றியெடுத்து, ஐந்து பாகங்களாகக் கட்டி வைத்திருந்தார். மணியத்தின் சித்திரங்கள் அப்படியே இருக்கும். சில தாள்களின் மறுபக்கத்தில் வேறொரு கதையின் முடிவோ சவர்க்கார விளம்பரமோ கிடக்கும். அவற்றையும் விடாமல் வாசித்தோம்.

அத்தொகுதிகளுக்கு அன்றிருந்த மதிப்பை இன்றைய தலைமுறைக்கு விளக்குவது கடினம். 1970 இல் பதவிக்கு வந்த அரசாங்கத்தின் காலத்தில் தென்னிந்திய சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அதனால் உள்நாட்டு எழுத்துக்கு ஒரு வாசல் திறந்தது உண்மை. 1966 இல் டொமினிக் ஜீவா தொடங்கிய மல்லிகையை அவரே சுமந்து சென்று விற்ற காலம் அது. ஆயினும் தொடர்கதைக்குப் பழகிய வீடுகளில் பழைய கட்டுத் தொகுதிகளே கைமாறிக்கொண்டிருந்தன. தபாலதிபர் ஒரு கொப்பியில் பெயரையும் திகதியையும் குறித்துக்கொண்டுதான் கொடுப்பார். ஒரு பாகம் திரும்பி வந்தால்தான் அடுத்த பாகம்.

இரண்டாம் பாகம் எங்களுக்கு விசேடமானது. பூங்குழலி படகோட்ட, வந்தியத்தேவன் கோடிக்கரையிலிருந்து கடல் கடந்து எங்கள் பக்கம் வருகிறான் அல்லவா? அந்த இடத்தில் ஒரு தாள் இல்லை. அதற்குப் பதிலாகக் கொப்பித் தாள் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. நீல மையில், உருண்டையான கையெழுத்தில் கதை தொடர்ந்தது. படம் இருந்த இடத்தில் ஒரு கட்டம் மட்டும் வரையப்பட்டு வெறுமையாக விடப்பட்டிருந்தது. கரை இன்னும் எவ்வளவு தூரம் என்று வந்தியத்தேவன் கேட்கிறான். "கரை தெரியும்வரை பயப்படுவதற்கு உமக்கு நேரம் இருக்கிறது. துடுப்பு வலிக்கும் எனக்கு அந்த நேரம் இல்லை" என்கிறாள் பூங்குழலி.

அந்த வசனம் என்னோடு வளர்ந்தது.

பின்னர் கொழும்பில் பத்திரிகையாளன் ஆனேன். எண்பதுகளில் வாரமலர்க் கட்டுரையொன்றில் அவ்வசனத்தைக் கல்கியின் பெயரால் எடுத்தாண்டேன். நினைவிலிருந்து எழுதினேன், சரிபார்க்கவில்லை. இரண்டு வாரத்தில் மட்டக்களப்பிலிருந்து ஒரு தபாலட்டை வந்தது. "ஐயா, ஐந்து பாகங்களிலும் தேடிவிட்டேன். தாங்கள் குறிப்பிட்ட வசனம் இல்லை. பக்க எண்ணைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்."

நூலுருவில் வந்த பதிப்பை வாங்கித் தேடினேன். இல்லை. பதிப்பித்தவர்கள் சுருக்கியிருப்பார்கள் என்று மனத்தைச் சமாதானப்படுத்தி, அட்டையை லாச்சியில் போட்டுவிட்டேன். பதிலும் எழுதவில்லை, திருத்தமும் வெளியிடவில்லை. பிறர் எழுத்தில் பிழை பார்த்துச் சம்பளம் வாங்குபவனுக்குத் தன் பிழையை ஒப்புக்கொள்வது எளிதாக இருப்பதில்லை.

ஏ-9 பாதை திறக்கப்பட்ட 2002 இல் ஊருக்குப் போனேன். தபாலதிபர் காலமாகிப் பல வருடங்களாகியிருந்தன. அந்தத் தொகுதிகள் என்னவாயின என்று விசாரித்தபோது அக்காவின் வீட்டைக் காட்டினார்கள். ஊரில் எங்கள் எல்லோருக்கும் அவர் அக்காதான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஆடு வளர்த்தும் தையல் தைத்தும் குடும்பத்தைக் கொண்டு நடத்தியவர். அவர் வாசிப்பவர் என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

விறாந்தையில் இருந்து தேநீர் குடித்தபடி அந்த வசனத்தைச் சொன்னேன். அக்காவின் முகம் மாறிவிட்டது.

"தம்பி, உமக்கு அது இன்னும் நினைவிருக்கே? அந்தத் தாளைக் கிழிச்சது என்ரை மூத்தவன். அப்ப அவனுக்கு மூண்டு வயசு. வேறை புத்தகம் எங்கையும் கிடைக்கேல்லை. நாலு தரம் வாசிச்சிருந்தன்தானே, நினைவிலை இருந்ததை எழுதி ஒட்டினன். பூங்குழலி என்ன சொன்னவள் எண்டது மட்டும் நினைவுக்கு வரேல்லை. நானே எழுதிப்போட்டன். கல்கிக்குப் பிழை செய்து போட்டன் எண்டு இண்டைக்கும் மனசிலை கிடக்கு."

"தபாலதிபர் கண்டுபிடிக்கவில்லையா அக்கா?"

"நிண்ட நிலையிலை ஒட்டின தாளை முழுக்க வாசிச்சார். ஒண்டும் சொல்லேல்லை. உள்ளை போய் மூண்டாம் பாகத்தை எடுத்துக்கொண்டு வந்து தந்தார். சாகிறதுக்கு முன்னம் அஞ்சையும் எனக்கே தந்திட்டார்."

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது அக்கா அத்தொகுதிகளை றங்குப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஒரு கையில் சட்டி பானை, மறு கையில் நடக்க முடியாத மாமியார். 1996 இல் திரும்பி வந்தபோது கூரை இல்லை. பெட்டிக்குள் கறையான் மண்ணே மிஞ்சியிருந்தது.

என் பிழையையும் அவரிடம் சொன்னேன். அக்கா சற்று நேரம் என்னைப் பார்த்தார்.

"அப்ப, என்ரை எழுத்து பேப்பரிலை வந்திருக்கே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அப்படியொரு சிரிப்பை அந்த முகத்தில் நான் கண்டதில்லை.

அடுத்த முறை போனபோது நூலுருவில் வாங்கிய இரண்டாம் பாகத்தை எடுத்துச் சென்றேன். அக்கா கொப்பித் தாளொன்றில் அந்தப் பகுதியைத் திரும்பவும் எழுதித் தந்தார். கை நடுங்கியது, எழுத்து மட்டும் அதே உருண்டை. முன்போலவே ஒரு கட்டம் வரைந்து வெறுமையாக விட்டார். உரிய இடத்தில் ஒட்டி, பின்னட்டையில் அவரது பெயரை எழுதச் சொன்னேன்.

கொழும்பு திரும்பியதும் லாச்சியைத் தேடி அந்தத் தபாலட்டையை எடுத்தேன். நடந்ததை எழுதி மன்னிப்புக் கேட்டு மட்டக்களப்பு முகவரிக்கு அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. "எழுதிய அக்காவுக்கு என் வணக்கம். புத்தகத்தை ஒருமுறை இரவல் தருவீர்களா?" இரண்டாவது பெயர் அவருடையது.

வாசிப்பு தனிமையில் நிகழ்வது. ஆனால் நாம் நின்ற அதே வரியில் இன்னொருவரும் நின்றிருக்கிறார் என்று அறியும்போது வரும் மகிழ்ச்சிக்கு ஈடில்லை. பட்டங்களும் மேடைகளும் தராத உறவை அந்த ஒரு கொப்பித் தாள் எனக்குத் தந்தது.

அக்கா 2011 இல் காலமானார். புத்தகம் போய்வந்துகொண்டிருக்கிறது. கடைசியாக ரொறன்ரோவுக்குப் போய் வந்தபோது, வெறுமையாக இருந்த கட்டத்துக்குள் யாரோ ஒரு பிள்ளை பென்சிலால் ஒரு படகு வரைந்திருந்தது. நான் அதை அழிக்கவில்லை.