தராசும் தோட்டாவும்

மலர்க் குழுவினர் கட்டுரையொன்று வேண்டி எழுதியபோது, கல்லூரி நாள்களின் இனிய நினைவுகளையே யான் எழுதுவேன் என எதிர்பார்த்திருத்தல் கூடும். அந்நினைவுகளை என்னிலும் திறம்பட எழுத வல்லார் பலர் இம்மலரில் எழுதியிருப்பர். ஆதலின், பிற நாடொன்றில் யான் அருகிருந்து கண்ட கைத்தொழில் ஒன்றைப் பற்றிச் சில கூற விழைகின்றேன். அது, சிறுகுழல் றைபிளுக்கு வேண்டிய தோட்டாக்களை வீட்டிலிருந்தே நிரப்பிக் கொள்ளும் தொழில். விழா மலருக்கு இஃது ஏற்ற பொருளா என அன்பர்கள் ஐயுறலாம். எமது இரசாயன ஆய்வுகூடத்தில் கற்ற பாடமொன்றின் முழுப் பொருளையும் அத்தொழிலிலேதான் யான் உணர்ந்தேன். அதனாலேயே எழுதத் துணிந்தேன்.

ஐக்கிய அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் அமைந்தது லூயிஸ்டன் என்னும் நகரம். சன்னங்களும் அவற்றுக்குத் தீமூட்டும் பிறைமர்களும் செய்யும் ஆலைகளால் அது பெயர் பெற்றது. அங்கே யான் சில ஆண்டுகள் வாழ்ந்தேன். என் அயலவர் இளைப்பாறிய கணித ஆசிரியர். மோட்டார் வண்டி நிறுத்தும் கொட்டிலின் ஒரு மூலையில் அவர் தமது மேசையை அமைத்திருந்தார். மாரிக் காலத்து மாலைகளில் என்னையும் அழைத்து அருகில் இருத்துவார்.

தோட்டா என்பது நான்கு உறுப்புகளால் ஆயது: பித்தளைக் கோது, அதன் அடியிற் பதித்த பிறைமர், உள்ளிருக்கும் வெடிமருந்து, வாயில் அமர்ந்த சன்னம். வெடித்தபின் மருந்து எரிந்தொழியும், சன்னம் பறந்துபோம், கோது மட்டும் எஞ்சும். விலையிற் பெரும் பங்கும் அக்கோதுக்கே உரியது. அது நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் கலந்த பித்தளை. வெடிக்கும் கணத்தில் விரிந்து துவக்கின் அறையை அடைத்து, மறுகணம் சற்றே சுருங்கி விலகும் இயல்பு அதற்குண்டு. அவ்வியல்பினாலேயே அதனை மீண்டும் மீண்டும் நிரப்ப இயலுகின்றது. பன்முறை வழங்கியபின் கழுத்து இறுகி வெடிப்புக் காணும். அப்போது கழித்துவிட வேண்டும்.

அவர் வழங்கிய தோட்டாவின் பெயர் ஹோர்னற். தமிழில் குளவி எனலாம். அதன் சன்னம் ஏறத்தாழ 5.7 மில்லிமீற்றர் தடிப்பும் 3 கிராம் நிறையும் உடையது. 1920களில் அமெரிக்கத் துவக்கு ஆர்வலர் சிலர், ஸ்பிறிங்பீல்ட் படைக்கலச் சாலையில் இருந்தோர் உட்பட, கருமருந்துக் காலத்துப் பழைய கோதொன்றிற் புகையில்லா மருந்தை இட்டுச் சோதித்ததன் பயனாக அது பிறந்தது. 1930 இல் வின்செஸ்ரர் நிறுவனம் அத்தோட்டாவைச் செய்து விற்கத் தொடங்கிற்று. அதற்குரிய றைபிளைப் பெரு நிறுவனம் எதுவும் அப்போது சந்தைக்குக் கொணர்ந்திருக்கவில்லை. ஆர்வலர் கைவேலையின் பின்னே ஆலைகள் நடந்தமைக்கு இஃதொரு சான்று.

இத்தொழில் அமெரிக்காவில் தழைத்தமைக்கு வேடிக்கையான காரணமொன்றுண்டு. பிறைமர் வகைகளில் ஒன்றை ஆங்கிலேயப் படையதிகாரி பொக்ஸரும், மற்றொன்றை அமெரிக்கர் பேர்டனும் 1860களில் அமைத்தனர். பொக்ஸர் வகைக் கோதின் அடியில் நடுவே ஒரே துளை. ஊசியொன்றாற் குத்திப் பழைய பிறைமரை எளிதில் வெளியேற்றலாம். பேர்டன் வகையில் நடுவைவிட்டு விலகிய சிறு துளைகள், ஊசி செல்லாது. ஆங்கிலேயரது முறையை அமெரிக்கரும் அமெரிக்கரது முறையை ஐரோப்பியரும் தழுவிக் கொண்டனர்!

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சன்னங்களுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. அப்போது கலிபோர்னியாவைச் சேர்ந்த பிரெட் ஹண்டிங்டன் என்பார், மீள நிரப்ப இயலாதெனக் கழிக்கப்பட்ட சிறு விளிம்புத் தோட்டாக்களின் கோதுகளையே சன்னங்களுக்கு மேலுறையாக மாற்றும் அச்சுக்களைச் செய்தார். இன்று இத்தொழிலாளர் அனைவரும் அறிந்த ஆர்.சி.பி.எஸ். என்னும் பெயர் அந்த அச்சின் பெயரிலிருந்து வந்ததே.

இனி, வேலை முறையைக் கூறுவேன். முதலிற் கோதுகளைக் கழுவி, ஒவ்வொன்றையும் விளக்கின் கீழே உருட்டிக் கீறல் உண்டோ எனப் பார்ப்பார். பின்னர் எஃகு அச்சினுட் செலுத்திப் பழைய அளவுக்குக் கொணர்வார். பழைய பிறைமரும் அப்போதே வெளியேறும். நீண்டு போன கழுத்தை அளந்து வெட்டுவார். குளவியின் கழுத்து மிக மெல்லியது. கை சிறிது கோணினும் நசுங்கிவிடும். புதிய பிறைமரைப் பதித்தபின், துளையிட்ட மரப்பலகையிற் கோதுகளை வரிசையாக நிறுத்தி, மருந்தை நிறுத்து இடுவார். மேசையில் ஒரே நேரத்தில் ஒரே மருந்துக் குப்பிதான் இருக்கும். அவ்வேளையிற் பேச்சில்லை, வானொலியில்லை. ஈற்றில் மின்சூளைப் பிடித்து எல்லாக் கோதுகளினுள்ளும் மருந்தின் மட்டம் ஒத்திருக்கின்றதா என நோக்கிய பின்னரே சன்னத்தை அமர்த்துவார்.

மருந்தை நிறுக்கும் அலகு கிரேன் எனப்படும். ஓர் இறாத்தலுக்கு 7,000 கிரேன். எம்மூர்ப் பொற்கொல்லர் வழங்கிய குன்றிமணியின் நிறையில் அஃது ஏறத்தாழ அரைப் பங்கு. அவரோ அதனிலும் பத்திலொரு பங்கைப் பார்ப்பார். தராசின் முள் அடங்கும் வரை மூச்சையும் அடக்கி நிற்பார். அந்நிலையில் அவரைக் கண்டதும் எமது ஆய்வுகூடத்துக் கண்ணாடிப் பெட்டித் தராசு என் கண்முன் வந்தது. முள் அடங்குமுன் அளவைக் குறித்தவனை, மீண்டும் முதலிலிருந்து நிறுக்கச் செய்வார் எம் ஆசிரியர். அன்று தவறினாற் புள்ளிகள் மாத்திரமே குறையும். இங்கோ, மருந்து எரிகையிற் சதுர அங்குலமொன்றுக்கு ஏறத்தாழ 40,000 இறாத்தல் அமுக்கம் எழும். அஃது எழுமிடம் சுடுவோன் கன்னத்தின் அருகே. மருந்து இருமடங்கு விழுந்தால் துவக்குச் சிதறும். மருந்தே விழாதொழியின், பிறைமரின் வலி மட்டும் சன்னத்தைக் குழலின் இடையே கொண்டுபோய் நிறுத்திவிடும். அடுத்த வெடி குழலைப் பிளக்கும். பரிசோதகர் எவரும் வாரார். நிரப்பியவனே தனக்குப் பரிசோதகன்.

நிறுத்தவற்றையெல்லாம் குறிப்பேட்டில் எழுதுவது அவர் வழக்கம். திகதி, மருந்தின் பெயர், நிறை, கோது எத்தனையாம் முறை நிரப்பப்பட்டது, தாள் இலக்கிற் சன்னங்கள் எவ்வளவு அகலத்தில் விழுந்தன என்பன யாவும் அதில் உள. சுட்டபின் கோதுகளை எண்ணிப் பார்ப்பார். ஒன்று குறைந்தாற் புல்லிடைத் தேடுவார்.

இவ்விடத்தில் என் உள்ளத்தையும் மறையாது கூறல் வேண்டும். முதன்முறை அம்மேசையருகே அமர்ந்தபோது, அப்பித்தளையின் மின்னலைக் கண்டு என் உடல் கூசியது. 1983 முதல் 2009 வரை எம்மண்ணில் நிகழ்ந்த போரில் அத்தகைய கோதுகளை யான் கண்டவன். மாரி மழை ஓய்ந்தபின் எங்கள் ஒழுங்கை மணலில் அவை தலைகாட்டும். சிறுவர் பொறுக்கி விளையாடுவர். அவை எத்தனை என்று எவரும் எண்ணவில்லை. அவற்றின் சன்னங்கள் எங்கே போய் விழுந்தன என்பது எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை.

இதனை ஒருநாள் அவரிடம் கூறினேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், தாமும் இளமையில் வியட்நாம் போருக்கு அனுப்பப்பட்டவர் என்றும், அங்கே தாம் சுட்டவற்றை ஒருநாளும் எண்ணியதில்லை என்றும், வீடு திரும்பிய பின்னரே ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கியதாகவும் சொன்னார். வேறு விளக்கம் அவர் தரவில்லை, யானும் கேட்கவில்லை. அன்றுமுதல் அக்குறிப்பேட்டை வேறு கண்ணோடு நோக்கலானேன். எண்ணுதலும் எழுதி வைத்தலும் செய்ததற்குப் பொறுப்பேற்றலின் தொடக்கம். எண்ணாது விடுக்கப்பட்ட எதற்கும் உரியவன் எவனும் இல்லாது போகின்றான்.

மாணவச் செல்வங்களே, இத்தொழிலை நீவிர் பயில வேண்டுமென்று யான் கூறவில்லை. வெடிமருந்து எம் நாட்டிற் சட்டத்தின் அனுமதிக்கு உட்பட்ட பொருள். எம் மக்கள் அதனால் அடைந்த துயரும் போதியது. ஆயின், தராசின் முள் அடங்கும் வரை பொறுத்திருக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நிறுத்ததை நிறுத்தவாறே எழுதுங்கள். நாளை நீவிர் மருந்து கலப்போராகவோ, பாலம் கட்டுவோராகவோ, கணக்கெழுதுவோராகவோ விளங்கலாம். காண்பவர் இல்லாதவிடத்து உம் கை செய்யும் வேலையின் பயனைப் பிறர் கன்னத்தருகே வைத்து வாழ்வர். இப்பாடத்தை எமக்குக் கற்பித்த கல்லூரி அன்னை நீடூழி வாழ்க!