துயரைச் சொல்வதும் பொறுமையே

அரபு மொழியில் 'ஸப்ர்' என்றொரு சொல் உண்டு. தமிழில் அதனைப் பொறுமை என்று வழங்குகிறோம். துயரம் நேர்ந்த வீட்டில் இச்சொல் ஒலிக்காத நாழிகையில்லை. கணவனை இழந்தவளிடமும் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடமும், புகுந்த வீட்டில் அடிபட்டுத் திரும்பி வந்தவளிடமும் நாம் சொல்வது ஒன்றே: "ஸப்ர் செய்யம்மா." சொல்லிவிட்டு எழுந்து வந்து விடுகிறோம். அவளோ அச்சொல்லை, 'வாயைத் திறவாதே' என்னும் கட்டளையாகவே ஏற்றுக் கொள்கிறாள்.

'ஸப்ர்' என்னும் சொல்லின் வேர்ப்பொருள் தடுத்து நிறுத்துதல் என்பதாகும். எதனைத் தடுப்பது? நெஞ்சை நிராசையினின்றும், நாவை இறைவன்மீது குறை கூறுவதினின்றும், கைகளை மார்பிலும் கன்னத்திலும் அறைந்து கொள்வதினின்றும் தடுப்பது என்று அறிஞர் பெருமக்கள் விளக்கம் தந்தனர். இறைவனைக் குறை கூறுவது வேறு. இறைவனிடம் குறையைக் கூறுவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதால் விளைந்த துன்பம் கொஞ்சநஞ்சமன்று.

யஃகூப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். அழகிய பொறுமை என்னும் தொடரைத் திருமறையில் நாம் முதன்முதல் கேட்பது அவர்தம் வாய்மொழியாகத்தான். அதே யூசுப் அத்தியாயத்தில், மகனை நினைந்து வருந்தி அவர்தம் கண்கள் வெளுத்துப் போனதையும், தம் துயரத்தையும் கவலையையும் அல்லாஹ்விடமே முறையிடுவதாக அவர் மொழிந்ததையும் ஓதுகிறோம். பொறுமையின் சின்னமாகத் திகழ்ந்த நபியே அழுதார், முறையிட்டார். அப்படியிருக்க, நம் வீட்டுப் பெண் அழுதால் மட்டும் பொறுமை எங்ஙனம் முறிந்து போகும்?

முறையிட்ட பெண்ணொருத்தியின் பெயராலேயே அருள்மறையில் ஓர் அத்தியாயம் உண்டு. ஐம்பத்தெட்டாம் அத்தியாயமாகிய 'அல் முஜாதலா' அது. கவ்லா பின்த் தஃலபா (ரலி) என்னும் அம்மையாரை அவர்தம் கணவர் அவ்ஸ் இப்னு ஸாமித் (ரலி), சினத்தின் வேகத்தில், தாயின் முதுகுக்கு ஒப்பிட்டுப் பேசி விலக்கி வைத்தார். அறியாமைக்கால வழக்கப்படி அவ்வொரு சொல்லே பெண்ணை மனைவியுமல்லாமல் விடுதலை பெற்றவளுமல்லாமல் அந்தரத்தில் நிறுத்திவிடும். அம்மையார் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்து வாதாடினார். தம் இளமையும் முதுமையும் பிள்ளைகளின் கதியும் சொல்லி முறையிட்டார். அவ்வறையின் ஓரத்தில் இருந்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கே அப்பேச்சில் சில சொற்கள் கேட்கவில்லை. ஆனால் ஏழு வானங்களுக்கு அப்பாலிருந்து இறைவன் அதனைக் கேட்டான்; கேட்டதாக அறிவித்தும் விட்டான்; அநீதியான அவ்வழக்கத்தையும் மாற்றினான். பின்னாளில் கலீபா உமர் (ரலி) அவர்களை வழியில் நிறுத்தி இதே அம்மையார் நெடுநேரம் பேசியபோது, உடனிருந்தோர் பொறுமையிழந்தனர். இறைவனே செவிசாய்த்த பெண்ணின் பேச்சை உமர் கேளாதிருப்பதோ என்னும் கருத்தில் அவர்களுக்கு மறுமொழி தந்தார் அப்பேரரசர்.

கேட்பதற்கும் ஒரு முறையுண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது நயவஞ்சகர்கள் அவதூறு பரப்பிய நாட்களில், தாய்வீட்டில் அவர்கள் இரவு பகலாக அழுதிருந்தபோது, அன்ஸாரிப் பெண்ணொருத்தி உள்ளே வர அனுமதி கேட்டு வந்தாள். அவள் அறிவுரை சொன்னதாக வரலாறில்லை. விசாரணை செய்ததாகவும் இல்லை. அருகில் அமர்ந்து உடன் அழுதாள்; அவ்வளவே. ஆயினும் அன்னையார் தம் வாழ்வின் மிகக் கொடிய நாட்களை எடுத்துரைக்கும்போது அவளை மறவாமல் குறிப்பிடுகிறார்கள். அதே அன்னையார், தம் உறவில் இறப்பு நேர்ந்து வந்த பெண்கள் கலைந்து சென்றபின், நெருங்கியவர் மட்டும் எஞ்சியிருக்கும் வேளையில், மாவும் பாலும் தேனும் சேரும் 'தல்பீனா' என்னும் கஞ்சியைக் காய்ச்சச் செய்வார்கள். அது துயருற்ற நெஞ்சுக்கு இதமளிக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் மொழிந்ததை அறிவித்தவர்களும் அவர்களே. கூட்டம் கலைந்த பிறகுதான் துக்கம் முழுவதுமாக இறங்குகிறது என்பதை அறிந்த இல்லம் அது!

எங்கள் எலவனாசூர்கோட்டை, உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி வழியாகச் சேலம் செல்லும் நெடுஞ்சாலையின்மேல் அமைந்த ஊர். அச்சாலை எங்களுக்குப் பிழைப்பும் தருகிறது. சில வேளை ஆளையும் கொண்டு போய்விடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு கணவனை இழந்த இளம்பெண் ஒருத்தி, இரு குழந்தைகளோடு இத்தா இருந்தாள். நான்கு மாதமும் பத்து நாளும் என்று மார்க்கம் வகுத்த காலம் அது. அவள் அழவுமில்லை, பேசவுமில்லை. வந்தவரெல்லாம் அதனைப் பெரும் பொறுமை என்று போற்றிச் சென்றனர்.

அடுத்த தெருவில் நிலக்கடலை உடைத்துக் கூலி வாங்கி வாழ்ந்த முதியவள் ஒருத்தி மட்டும் அவ்வாறு போற்றவில்லை. நாள்தோறும் அஸருக்குப் பின் வெற்றிலை உரலோடு வருவாள். இடித்தவாறே, நாற்பது ஆண்டுகளுக்கு முன் தன் கணவன் மாண்ட கதையைச் சொல்வாள்; கடன்காரன் வந்து நின்றதைச் சொல்வாள்; பெருநாளன்று பிள்ளைக்குப் பழைய சட்டையைத் துவைத்து மாட்டியதைச் சொல்வாள். கேட்பவள் பதில் பேசுவதில்லை. ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, அப்பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அந்த ராத்திரி எப்படித் தூங்குனீங்க பெரியம்மா?"

அடைபட்ட மதகு அன்று திறந்தது. பின்னர் வேறு சிலரும் வந்து சேர்ந்தனர். மகனைக் கிணற்றில் பறிகொடுத்த ஒருத்தி, மகள் வாழாவெட்டியாய்த் திரும்பி வந்த மற்றொருத்தி என்று ஏழெட்டுப் பேர். இத்தா முடிந்த பின்னரும் அந்த அமர்வு முடியவில்லை. இன்று அப்பெண் தையல் தொழில் செய்கிறாள்; ஊரில் இறப்பு நேர்ந்த வீட்டுக்கு மூன்றாம் நாளுக்குப் பிறகு போய் அமர்பவளும் அவளே. இவற்றை என் இல்லத்தரசி வாயிலாக அறிந்தேன். பேரைச் சொல்லாமல் எழுதலாம் என்று அப்பெண்களே இசைவு தந்தனர்.

அம்முதியவள் செய்தது கல்லாதவள் செய்த எளிய காரியம் என்று எண்ணி விடலாகாது. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டில், டிக்சன் சிபாண்டா என்னும் மனநல மருத்துவர் 2006இல் இதனையே ஒரு மருத்துவ முறையாக்கினார். ஹராரே நகரில் பாட்டிமார்களுக்குப் பயிற்சி அளித்து, மருத்துவ நிலையத்தின் வெளியே மரப்பலகையில் அமர்த்தி, மனம் நொந்து வருவோரின் கதையைக் கேட்கச் செய்தார். அதற்கு 'நட்புப் பலகை' என்று பெயர். மனச்சோர்வை அந்நாட்டு ஷோனா மொழியில் 'அளவுக்கு மீறிய நினைப்பு' என்னும் பொருள்படும் சொல்லால் குறிக்கின்றனர். "நினைச்சு நினைச்சே உருகிப் போனா" என்று நம் பெண்கள் சொல்வதும் அதுதானே! ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோரை வைத்து நடத்திய ஆய்வு 2016இல் வெளிவந்தது. பலகையில் அமர்ந்து பேசியவர்களின் நோய்க்குறிகள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களினும் ஆறு மாதத்தில் பெரிதும் குறைந்திருக்கக் கண்டனர்.

கடலுக்கு அப்பால், நம் மொழி பேசும் இலங்கையிலும் இதற்குச் சான்றுண்டு. 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்து மக்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டே மணி நேரம். பெரும்பாலோர் புத்தளத்துக் கொட்டில்களில் ஒதுங்கினர். அப்பெண்களுள் பலர், தாம் இழந்ததை ஒழுங்காகச் சொல்வதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 2009இல் அமைந்த மக்கள் ஆணைக்குழுவொன்று அவர்களிடம் சென்று சாட்சியம் கேட்டு, அறிக்கையாகவும் வெளியிட்டது. வீடு திரும்பக் கிடைத்ததோ இல்லையோ, நடந்தது நடந்ததாக எழுதப்பட்டது. மட்டக்களப்பில் 1993 முதல் இயங்கும் சூரியா பெண்கள் நிலையம், போரில் உறவிழந்த தமிழ்ப் பெண்ணையும் முஸ்லிம் பெண்ணையும் ஒரே பாயில் அமர வைத்தது. ஒரு தாயின் அழுகையை மறுதாய் கேட்டபின், பகையின் பெயரால் பேசுவது இருவருக்கும் அரிதாகிவிடும்.

சொல்லவே நாணும் துயரமும் உண்டு. எங்களூருக்கு மேற்கே, கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அரசு பத்து இலட்ச ரூபாய் நிவாரணம் அறிவித்தது. ஆனால் "குடித்துத்தானே செத்தான்" என்று ஊர் சொல்லும் ஒரு சொல்லுக்கு எந்நிதியால் ஈடு செய்வது? மது நமக்கு விலக்கப்பட்டது. அதில் இரு கருத்தில்லை. எனினும் அதனைப் போதிக்கும் இடம் விதவையின் திண்ணையன்று. இழவுக்கு மேல் இழிவையும் சுமப்பவளுக்குத்தான் கேட்கும் செவி மற்றவரினும் மிகுதியாகத் தேவைப்படுகிறது.

இங்கே ஆலிம்கள் சிலர் ஓர் ஐயம் எழுப்பக் கூடும். பெண்கள் கூடித் தத்தம் வீட்டுக் கதை பேசினால் அது புறம் பேசுதலாகாதா என்பர். நியாயமான ஐயமே. ஆனால் தீய சொல்லை வெளிப்படையாக உரைப்பதை விரும்பாத இறைவன், அநீதி இழைக்கப்பட்டவருக்கு அதில் விலக்களித்திருப்பதை நான்காம் அத்தியாயத்தில் காண்கிறோம். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'ரியாளுஸ் ஸாலிஹீன்' நூலில் புறம்பேசுதல் ஆகுமாகும் ஆறு சூழல்களைத் தொகுத்துரைக்குமிடத்து, முதலாவதாக வைத்தது அநீதிக்குள்ளானவரின் முறையீட்டையே. இன்னொரு காவலும் உண்டு. அவையில் பேசியது அமானிதம் என்பது நபிமொழி. கேட்டதை வெளியே கடத்துகிறவள் அந்த அவைக்கு உரியவள் அல்லள். இவ்விரண்டையும் பேணினால் வம்புக்கும் ஆறுதலுக்கும் உள்ள எல்லை தானே தெளிவாகும்.

சொல்வதோடு நின்றால் போதாது என்பதும் உண்மை. கவ்லா அம்மையாரின் முறையீட்டுக்கு ஆறுதல் மட்டுமன்று, தீர்ப்பும் கிடைத்தது. நம் ஜமாஅத்துகள் பலவற்றில் மணமுறிவு வழக்கு வந்தால் கணவன் நேரில் பேசுவான். மனைவிக்காக அவள் தந்தையோ தமையனோ பேசுவார். புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் முன்னின்று பெண்கள் ஜமாஅத் ஒன்றைத் தொடங்கியது இக்குறையால்தான். அவ்வமைப்பின் கருத்துகள் யாவற்றோடும் உடன்படுவதா என்பது தனி விவாதம். ஆனால் அண்ணலார் முன் ஒரு பெண் தன் வாயால் பேசினாள். நம் முன் ஏன் பேசலாகாது என்னும் வினா, யார் கேட்டாலும் விடையிறுக்க வேண்டிய வினாவே.

ஆகவே வாசக அன்பர்களுக்கு, ஓதிக் கொடுப்பவன் என்னும் முறையில் மூன்று வேண்டுகோள். நம் நிஸ்வான் மதரஸாக்களில் வாரம் ஒரு மாலை, பாடமின்றி, முதிய பெண்கள் இருவர் முன்னிலையில் பெண்கள் மனம்விட்டுப் பேச இடமளியுங்கள். ஜமாஅத்தில் பெண்ணின் வழக்கை, அவள் விரும்பும் துணையோடு வந்து அவளே சொல்ல வழி செய்யுங்கள். பேசியும் ஆறாத நெஞ்சம், உறக்கம் கெட்டு உயிரை வெறுக்கும் நிலை கண்டால் ஓதிப் பார்ப்பதோடு நில்லாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2022இல் தொடங்கிய அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416 கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம்.

நபிமார்களின் செய்திகளை நபி (ஸல்) அவர்களுக்கு எடுத்துரைப்பதன் நோக்கம், அவர்களின் நெஞ்சை உறுதிப்படுத்துவதே என்று ஹூது அத்தியாயத்தின் இறுதியில் இறைவன் கூறுகிறான். அண்ணலாரின் நெஞ்சுக்கே பிறர் பட்ட பாட்டின் கதை வலுவூட்டியதென்றால், நம் தெருப் பெண்ணின் நெஞ்சுக்கு அது வேண்டாமா? யாவற்றையும் கேட்பவனாகிய இறைவன், அவர்களின் சொல்லுக்குச் செவிசாய்க்கும் நற்பேற்றை நமக்கும் அருள்வானாக! ஆமீன்.