காத்துல நிக்கறது எப்படி?

மக்களே, ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்டலை. ஆணி அதிகம்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். ஆனா நெசம் அது இல்ல. நாப்பத்தி நாலு வயசுல ரிமோட் ஹெலிகாப்டர் விடக் கத்துக்கிட்டு இருந்தேன். சிரிக்கறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சுடுங்க. எங்க வீட்டுத் தங்கமணி மூணு மாசமா அதைத்தான் பண்ணிட்டு இருக்காங்க :-)

ஊரு போச்சம்பள்ளி. "ஓ... பட்டுப் புடவையா?"ன்னு கேக்கறவங்களுக்கு, அது தெலங்கானாவுல இருக்கற பூதான் போச்சம்பள்ளி. நம்மளுது கிருஷ்ணகிரி மாவட்டம். ஞாயித்துக்கிழமை சந்தை, மாந்தோப்பு, சிப்காட். 2021ல ஓலா ஸ்கூட்டர் பேக்டரி வந்தப்புறம்தான் வெளியூர்க்காரங்க பல பேரு எங்க ஊரு பேரைக் கேள்விப்பட்டாங்க. நான் ஆணி புடுங்கறது வேற ஒரு கம்பெனியில. பேரு வேணாம். சிஎன்சி மெஷின் செக்சன்ல சூப்பர்வைசர். புதுசா வர்ற ஐடிஐ பசங்களுக்கு மெஷின் சொல்லிக் கொடுக்கறதும் என் வேலைதான். இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2012ல, பையன் சின்னவனா இருந்தப்ப, பெங்களூர்ல இருந்து ஒரு பொம்மை ஹெலிகாப்டர் வாங்கிட்டு வந்தேன். மூணு சேனல். தலைக்கு மேல ரெண்டு அடுக்கா இறக்கை. டிவி ரிமோட் மாதிரி அகச்சிவப்புக் கதிர்ல ஓடறது, அதனால வெயில்ல கொண்டு போனா நாம சொல்றது அது காதுல விழாது. ஹாலுக்குள்ளயே விடணும். பையன் அஞ்சு நிமிசத்துல கத்துக்கிட்டான். நானும்தான். "இவ்வளவுதானா மேட்டரு?"ன்னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

அந்த மெதப்புலதான், பையன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய் வீடு வெறிச்சுன்னு ஆனப்ப, நாலு சேனல் ஹெலிகாப்டர் ஒண்ணு வாங்கினேன். சொந்தச் செலவுல சூனியம்னா இதுதான்.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னா, மேல இருக்கற இறக்கை ஒரு பக்கமா சுத்துனா, கீழ இருக்கற உடம்பு எதிர்ப்பக்கமா சுத்தப் பாக்கும். ரெண்டு அடுக்கு இருந்தா ஒண்ணு இப்படி, ஒண்ணு அப்படி சுத்தும். கணக்கு நேராயிடும். அதான் அந்தப் பொம்மை சமத்தா நின்னுச்சு. 2021 ஏப்ரல் 19ஆம் தேதி செவ்வாய் கிரகத்துல பறந்துச்சே இன்ஜெனுவிட்டி, அதுவும் இந்த ரெண்டடுக்கு ஜாதிதான். அதோட தலைமைப் பொறியாளர் பாப் பலராம் நம்ம சென்னை ஐஐடியில படிச்சவரு. பூமியில இருந்து சிக்னல் போய்ச் சேரவே நிமிசக் கணக்குல ஆகும், ஸ்டிக்கைப் பிடிச்சு ஓட்டற கதையே கிடையாது. தானே தன்னை நிறுத்திக்கணும். முதல் பறப்பு 3 மீட்டர் உயரம், 39 செகண்ட். அஞ்சு தடவை பறந்தாப் போதும்னு அனுப்பினது, 2024 ஜனவரி வரைக்கும் 72 தடவை பறந்துச்சு.

நம்மளோட முதல் பறப்பு ரெண்டு செகண்ட். உயரம் முட்டி வரைக்கும். எறங்கின எடம் மாட்டுக்குத் தண்ணி வைக்கற தொட்டி. அவ்வ்வ்வ்...

நாலு சேனல்ல மேல ஒரே இறக்கைதான். உடம்பு சுத்தாம இருக்க வால்ல ஒரு குட்டி விசிறி. இடது ஸ்டிக்கு மேல கீழ போகவும், மூக்கைத் திருப்பவும். வலது ஸ்டிக்கு முன்ன பின்ன, இடம் வலம் நகர. ரெண்டு கை, நாலு வேலை. இதுல கொடுமை என்னன்னா, வால் விசிறி தள்ற தள்ளுல ஹெலிகாப்டர் மெதுவா ஒரு பக்கமா ஒதுங்கும். அதைச் சரிக்கட்ட லேசா சாஞ்சுதான் நிக்கணும். நெசமான ஹெலிகாப்டரும் அப்படித்தான். சும்மா நிக்கறதுக்கே இவ்வளவு பாடு.

எடம் எங்க பெரியப்பா களத்துமேடு. காலையில ஆறு மணி, காத்து எழும்பறதுக்கு முன்னாடி. அடியில வைக்கோலைப் பரப்பி வச்சுட்டேன். ஈர்க்குச்சி நாலு, அதோட நுனியில தெர்மோகோல் உருண்டை நாலு. அதைக் குறுக்கா கட்டி விட்டா பொத்துன்னு சாயாது. (சட்டம் கேக்கறவங்களுக்கு: 2021 ட்ரோன் விதிப்படி 250 கிராமும் அதுக்குக் கீழயும் இருக்கறது நேனோ வகை, ஓட்டறதுக்குச் சான்றிதழ் வேணாம். நம்மளுது அதுல பாதி கூட வராது.) ஒரு பேட்டரி ஆறு நிமிசம் வரும். திரும்ப ஏத்த முக்கால் மணி நேரம். ஆக ஒரு காலைக்கு மூணு பேட்டரி, பதினெட்டு நிமிசம். அதுக்கு மேல கத்துக்கணும்னு நெனச்சாலும் முடியாது.

பெரியப்பா கட்டில்ல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே பாப்பாரு. "என்னடா இது, மாவுல விழுந்த வண்டு மாதிரி அங்கயும் இங்கயும் முட்டுது?"

முட்டறதுக்குக் காரணம் எனக்கு நல்லாத் தெரியும். அதான் வெறுப்பே. வீடியோ எல்லாம் பாத்தாச்சு. தரைக்குப் பக்கத்துல தன் காத்துலயே தள்ளாடும், தயங்காம நெஞ்சு உயரத்துக்கு ஏத்திடணும்னு தெரியும். ஸ்டிக்கை விட்டா வண்டி மாதிரி வேகம் குறைஞ்சு நிக்காது, போன பக்கமே போய்க்கிட்டு இருக்கும், எதிர்ப்பக்கம் லேசா தட்டி நிறுத்தணும்னும் தெரியும். தட்டிட்டு உடனே நடுவுக்கு வந்துடணும்னும் தெரியும். ஆனா அது இடது பக்கம் நழுவும்போது என் கட்டைவிரல் பயத்துல வலது கோடி வரைக்கும் போயிடும். அப்புறம் அது வலது பக்கம் பாயும், நான் இடது கோடிக்கு இழுப்பேன்... மூணாவது ஊசலாட்டத்துல வைக்கோல்ல. தலைக்குத் தெரியறது கைக்கு வந்து சேர மாட்டேங்குது.

பத்தாவது நாளோ என்னவோ, ஒரு இறக்கை ஒடைஞ்சு போச்சு. கையில இருந்த கடைசி ஜோடி. அப்ப பெரியப்பா, பாவம், நல்ல எண்ணத்துலதான், "எத்தனை தடவைடா பாக்கறது, இன்னுமா வரலை?"ன்னாரு.

எனக்கு சுருக்குன்னுச்சு. ஏன்னா அது என்னோட டயலாக்.

ரெண்டு வருசம் முன்னாடி ஊத்தங்கரைப் பக்கமிருந்து ஒரு பையன் ட்ரெய்னியா வந்தான். பத்தொம்பது வயசு. ஒரு நாள் ஆப்செட் திருத்தும்போது 0.2க்குப் பதிலா 2 போட்டுட்டான். டூல் போய் சக்குல மோதி, பெரிய சத்தம். செக்சனே திரும்பிப் பாத்துச்சு. அத்தனை பேரு முன்னாடி கத்தினேன். "எத்தனை தடவைடா சொல்றது? இன்னுமா மண்டையில ஏறலை?" அவன் ஒண்ணும் சொல்லலை. கை மட்டும் நடுங்குச்சு. மறுநாள் வரலை. அதுக்கு அடுத்த நாளும் வரலை. "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை இல்லை"ன்னு கேன்டீன்ல சொல்லிட்டு சாம்பார் ஊத்திக்கிட்டேன்.

அவன் மண்டையில ஏறித்தான் இருந்துச்சு. கேட்டா ஒப்பிப்பான். கைக்குத்தான் இன்னும் வரலை. எனக்கு வைக்கோல் இருந்துச்சு, தெர்மோகோல் இருந்துச்சு, திட்டறதுக்கு ஆளு இல்ல. அவனுக்கு நான் என்ன பரப்பி வச்சேன்?

இறக்கை வர ஒரு வாரம் ஆச்சு. அந்த ஒரு வாரம் ஹெலிகாப்டர் பத்தி நெனைக்கவே இல்ல.

அப்புறம் ஒரு காலையில, எதுவும் பண்ணாமலே, நின்னுச்சு. கட்டைவிரல் நகர்றது எனக்கே தெரியலை. வாலு என் பக்கம், மூக்கு மாந்தோப்புப் பக்கம், நெஞ்சு உயரத்துல, ஒரு முழு நிமிசம். நான் மூச்சு விட்டேனான்னு ஞாபகம் இல்ல. பெரியப்பா டீயைக் கீழ வச்சுட்டாரு.

ஆனா இதுல இன்னொரு படி இருக்கு. ஹெலிகாப்டரை நம்ம முகத்தைப் பாத்து நிறுத்தறது. வாலு நம்ம பக்கம் இருக்கற வரைக்கும் அதோட இடது நம்ம இடது. அது நம்மளைப் பாத்துத் திரும்பிட்டா எல்லாம் மாறிடும். இடதுன்னு தள்ளினா அது நமக்கு வலது பக்கம் போகும். புதுசா கத்துக்கறவன் ஒடைக்கறது பெரும்பாலும் இங்கதான். இதுக்கு எல்லாரும் சொல்ற ஒரு சூட்சுமம் இருக்கு: இடம் வலம்னு யோசிக்கவே யோசிக்காத. எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளு, விழப்போறதுக்கு முட்டுக் கொடுக்கற மாதிரி. காய் பாரத்துல தொங்கற மாங்கொப்புக்கு எங்க ஊர்ல மூங்கில் முட்டுக் கொடுப்போமே, அதேதான். அப்படி நெனச்சதும் எனக்குப் பாதி வந்துடுச்சு. மீதி பாதிக்கு ரெண்டு ஜோடி இறக்கை செலவு.

போன மாசம் அந்தப் பையனோட நம்பரைத் தேடி எடுத்துப் போன் பண்ணினேன். என்ன பேசணும்னு எழுதி வச்சுக்கிட்டுதான் பண்ணினேன், பேசும்போது ஒண்ணும் வரலை.

"தம்பி, அன்னைக்கு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாதுப்பா."

கொஞ்ச நேரம் சத்தமில்ல. பின்னாடி ஏதோ மெஷின் ஓடற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"பரவால்ல சார். இப்ப ஓசூர்ல இருக்கேன் சார். ட்யூட்டில இருக்கேன், அப்புறம் பேசறேன் சார்."

அப்புறம் பேசலை. பேசணும்னு அவனுக்கு என்ன இருக்கு? ஆனா அந்த மெஷின் சத்தம் லேத்துதான். எனக்குத் தெரியாதா. தொழிலை விட்டுடலை. அதுல ஒரு சின்ன நிம்மதி, அதை நான் சம்பாதிக்கலைன்னும் தெரியும்.

இப்ப செக்சன்ல புதுப் பசங்க வந்தா முதல் வாரம் இரும்பைத் தொட விடறதில்ல. மெழுகுக் கட்டையைச் சக்குல மாட்டிக் கொடுக்கறேன். மோதுனா மோதட்டும், மெழுகுதானே. மேனேஜர் "நேரம் வேஸ்ட்"னாரு. "வைக்கோல் சார்"னேன். அவருக்குப் புரியலை :-)

பின்குறிப்பு: மரத்துல மாட்டுற மாதிரி தெரிஞ்சா முதல் வேலையா த்ராட்டிலை அணைச்சிடுங்க, காப்பாத்தப் பாக்காதீங்க. சுத்தற இறக்கைதான் ஒடையும். பேட்டரியை ஏத்தப் போட்டுட்டு வெளியில போகாதீங்க, உப்பின பேட்டரியைத் திரும்ப ஏத்தாதீங்க.

இன்னொரு பின்குறிப்பு: பையன் லீவுக்கு வந்தான். நாலு சேனலைக் கையில கொடுத்தேன். ரெண்டே செகண்டுல அதே தண்ணித் தொட்டி. வாயைத் திறக்காம நின்னேன். "என்னப்பா, ஒண்ணும் சொல்லலை?"ன்னு அவன்தான் கேட்டான்.