உப்புத்தாள்

கழுகுமலைக்காரனுக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். எங்கள் கரிசல் காட்டில் தண்ணீர் என்றால் கண்மாய்த் தண்ணீர்தான். அதுவும் மழை பெய்தால்.

ஆனால் தூத்துக்குடிப் பக்கம் தருவைகுளத்தில் எனக்கு ஒரு கல்லூரி நண்பன் உண்டு. கடன் வாங்கி ஒரு ஃபைபர் வள்ளம் எடுத்திருந்தான். அதற்கு உட்காரும் பலகை போட, தச்சுவேலை செய்யும் என் பெரியப்பாவைக் கூட்டிப்போனேன். அவர் பலகையைப் பொருத்தி முடித்ததும், “வார்னிஷ் நான் அடிக்கிறேன்” என்று டப்பாவைப் பிடுங்கிக்கொண்டேன். வினை அங்கேதான் ஆரம்பம். கீழே ஒரு சாக்குகூட விரிக்கவில்லை. மறுநாள் காலை பார்த்தால், வெள்ளை வெளேரென்ற வள்ளத்தின் மேல் பத்துப் பதினைந்து தேன்நிறச் சொட்டுகள்!

நண்பன் வருவதற்குள் மறைத்துவிட வேண்டும். உப்புத்தாளை எடுத்து வெறி பிடித்த மாதிரி தேய்த்தேன். ஒரு சொட்டு போனது. கூடவே பளபளப்பும் போனது. உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டது.

“ஏலேய், நிறுத்துலே!” பெரியப்பா கத்திக்கொண்டே வந்தார்.

ஃபைபர் படகு என்பது கண்ணாடி இழையும் ரெசினும் சேர்த்துச் செய்தது. மேலே மின்னுவது பெயின்ட் அல்ல, ‘ஜெல் கோட்’ என்ற மேல்பூச்சு. கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வெயிலிலிருந்தும் உப்புத் தண்ணீரிலிருந்தும் உள்ளேயிருக்கும் இழைகளைக் காப்பது அதுதான். நான் தேய்த்தது அதைத்தான்.

பெரியப்பாவுக்கு ஜெல் கோட் தெரியாது, வார்னிஷ் தெரியும். “ஈரத்துலயே டர்பன்டைன் துணியால தொடச்சிருந்தா சோலி முடிஞ்சது. காஞ்சிட்டா அதுக்கு மசியாதுடா” என்றார். எண்ணெய் வார்னிஷ் வெறுமனே உலர்வதில்லை. காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகி, வேறு பொருளாகவே மாறிவிடுகிறது.

முதலில் பிளாஸ்டிக் ஸ்கேலால் சொட்டுகளை மெதுவாக நெம்பிப் பார்த்தார். பாதி கழன்று வந்தன. மீதிக்கு, கரையில் ஃபைபர் வேலை செய்கிறவர்களிடம் கொஞ்சம் அசிட்டோன் வாங்கினோம். பக்கத்தில் பீடி பிடித்தவரைத் தூரமாகப் போகச் சொன்னார். யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் தொட்டு, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் சொட்டுக்கு வந்தார். ஒற்றுவது, துடைப்பது, தண்ணீர் விட்டுக் கழுவுவது. ஊறவிடவே இல்லை. அரை நாள் ஆனது.

“வெட்டுவான் கோயிலப் பாத்திருக்கேல்ல? மேலேருந்து கீழ குடைஞ்சுக்கிட்டே வந்திருக்கான். ஒரு செதில் கூடப் போனா ஒட்ட வைக்க முடியுமா? எடுக்கிற வேலைன்னா பயந்து பயந்துதான் செய்யணும்” என்றார்.

8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து ஒற்றைக்கல் கோயில் அது. சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அப்படி யோசித்ததே இல்லை.

நண்பன் வந்தான். மறைக்காமல் சொல்லிவிட்டேன். மங்கிய இடத்துக்கு மட்டும் மறுபடி ஜெல் கோட் பூச வேண்டியதாயிற்று. செலவு என்னுடையது. நிறம் மட்டும் ஒட்டவில்லை. வெள்ளையில் இன்னொரு வெள்ளையாகத் தனியாகத் தெரிகிறது.

அதைத் தடவிக்கொண்டே அவன் கேட்டான்: “சொட்டு சொட்டாவே கெடந்திருந்தா மட்டும் மீனு என்ன கோவிச்சுக்கவாடா போவுது?”