எதிர்மனுதாரர் பட்டியலில் இல்லாதவர்

2022 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பிறப்பித்த ஓர் உத்தரவு தென்காசி வட்டாரத்தில் பலருடைய தூக்கத்தைக் கெடுத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் சில தனியார் விடுதிகள் இயற்கையான நீர்ப்போக்கை மாற்றி, வளாகத்துக்குள் செயற்கை அருவி அமைத்துக் காசு பார்க்கின்றன என்று ஒரு பொதுநல மனு. நீதிபதிகள் ஆர்.மகாதேவன், ஜெ.சத்ய நாராயண பிரசாத் அமர்வு அதை விசாரித்தது. குழு அமைத்து ஆய்வு செய்யச் சொன்னதோடு, உடந்தையாக இருந்த அதிகாரிகளையும் விடக்கூடாது என்றது.

அந்த மனுவில் நான் யாருக்கும் ஆஜராகவில்லை. ஆனால் உத்தரவு பத்திரிகையில் வந்த சில நாட்களில் அதன் சூடு என் அலுவலகம் வரை வந்தது. குற்றாலத்துக்குப் பக்கத்தில் விடுதி நடத்தும் ஒருவர், கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் ஒரு கட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். வழக்கில் தன்னையும் ஒரு தரப்பாகச் சேர்க்க மனு போட வேண்டுமாம்.

“அண்ணாச்சி, எடம் எம்பேர்ல. தண்ணி எம் எடத்துக்குள்ளதான ஓடுது? அதை ஒரு பக்கமா விழ வச்சேன், அவ்வளவுதான். குடிச்சா தீத்துட்டேன்? விழுந்த தண்ணி கீழதான போவுது?”

புல வரைபடத்தை மேசையில் விரித்தேன். அவருடைய சர்வே எண்ணுக்கு நடுவே இரட்டைக் கோடு ஒன்று வளைந்து போகிறது. அதற்குத் தனி உட்பிரிவு எண். அ-பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே ‘ஓடை புறம்போக்கு’ என்று இருக்கிறது. இரண்டு கரையும் அவருடையது, நடுவில் ஓடுவது சர்க்காருடையது. பிறகு தன் போனில் படம் காட்டினார். அந்த வளைவில்தான் இடுப்பளவு கான்கிரீட் தடுப்பு. அதிலிருந்து ஒரு பிவிசி குழாய். குழாய் போய் முடியும் இடத்தில், பாறை மாதிரி வார்த்து, பாசி நிறத்தில் பெயின்ட் அடித்த ஒரு சுவர்.

சரி, ஓடை புறம்போக்கு என்ற பதிவே இல்லாமல் போனாலும் அவர் வாதம் நிற்காது. 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 7-வது பிரிவிலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது. இயற்கையான ஓடை ஒருவருடைய நிலத்தின் வழியே போனால், அதன் அளவு, திசை, வேகம், வெப்பம் எதுவும் பெரிதாக மாறாமல் தனக்கு வந்து சேர வேண்டும் என்று கீழே இருப்பவர் கேட்கலாம். கரைக்காரர் குடிக்கலாம், மாட்டுக்குக் காட்டலாம், வயலுக்குப் பாய்ச்சலாம். அதுவும் கீழே உள்ளவருக்குப் பாதகம் வராமல். நம்மவரின் கீழ்க்கரை என்பது சின்ன இடமா? இந்த மலைத் தண்ணீர்தான் சிற்றாறாகி, தென்காசி வயல்களைத் தொட்டுக்கொண்டு போய், சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது.

உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பு ஒன்றையும் எடுத்துக் காட்டினேன். இமாச்சலத்தில் குலு-மணாலிப் பக்கம் பியாஸ் ஆற்றங்கரையில் ஒரு சொகுசு விடுதி, தன் இடத்தைக் காப்பாற்ற ஆற்றின் போக்கையே இயந்திரம் வைத்துத் திருப்பியது. எம்.சி.மேத்தா எதிர் கமல்நாத் என்ற அந்த வழக்கில், ஆறும் காடும் அரசின் சொத்துகூட அல்ல, மக்களுக்காக அரசு வைத்திருக்கும் பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது. குத்தகை ரத்தானது. பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவும் விடுதியின் தலையில் விழுந்தது. அரசாலேயே தாரை வார்க்க முடியாத தண்ணீருக்கு இவருடைய பட்டா எந்த மூலைக்கு?

மனு வேண்டாம், ஆய்வுக்கு ஆள் வருமுன் தடுப்பை எடுத்துவிடுங்கள் என்றேன். பையைக் கட்டிக்கொண்டே அவர் சொன்னதுதான் இந்த வழக்கில் எனக்கு மறக்காத சாட்சியம்.

“எடுத்துடுதேன். ஆனா ஒண்ணு அண்ணாச்சி, ரூம் கேட்டு போன் போடுதவன் வாடகைய அப்புறம்தான் கேக்கான். மொதக் கேள்வியே, ‘பிரைவேட் ஃபால்ஸ் இருக்கா?’ இல்லைன்னா வச்சிருதான்.”

தலைமைச் செயலர் முதல் ஆட்சியர் வரை பொதுநல மனுவில் எதிர்மனுதாரர் ஆக்கலாம். விடுதிக்காரரையும் இழுக்கலாம். போன் போடுகிறவரை எந்த எண்ணில் சேர்ப்பது? அவருக்கு எப்படி நோட்டீஸ் சார்பு செய்வது? இதே மதுரைக் கிளை குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்புக்குத் தடை போட்டிருக்கிறது. இன்றும் சீசனில் பேரருவிக்குப் போனால், கிழிந்த ஷாம்பு பாக்கெட் காலில் ஒட்டுகிறது. உத்தரவு மதுரையில் இருக்கிறது, பாக்கெட் குளிக்கிறவர் இடுப்பில் இருக்கிறது. ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு காவலரை நிறுத்த முடியாது.

அதற்காகக் குற்றாலத்துக்கு வரவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். சீசன் மூன்று மாதச் சம்பாத்தியத்தில் வருஷத்தை ஓட்டும் குடும்பங்கள் இங்கே நிறைய. வாருங்கள். சனி, ஞாயிறைத் தவிர்த்தால் கூட்டமும் குறையும், குப்பையும் குறையும். வெள்ளம் வந்து அருவியை அடைத்தால் தகராறு செய்யாமல் திரும்புங்கள். தலைக்கு எண்ணெய் தேய்க்காமல் நின்றாலும் பேரருவி அடிக்கிற அடியில் உடம்பு லேசாகிவிடும்.

ரூம் போடும்போது கேட்க வேண்டிய கேள்வி இரண்டுதான். உங்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கழிவுநீர் எங்கே போகிறது? பத்துப் பேர் இப்படிக் கேட்டுவிட்டு போனை வைத்தால், பதினோராவது ஆளுக்குச் சொல்ல விடுதிக்காரர் நல்ல பதிலாக ஒன்றைத் தயார் செய்தாக வேண்டும்.