மழை நாளில் அத்தைக்கு ஊர் காட்டியது

டிசம்பர் மாதத்தில் விருந்தாளிகளைக் கூப்பிடாதீர்கள் என்று சிங்கப்பூரில் இருக்கும் எல்லாருமே சொல்வோம். நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அத்தைக்கு வயது 76. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. "தையில அறுப்பு வந்துரும் தம்பி, அதுக்கு முன்னாடி ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிடுறேன்" என்று கீழ்வேளூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தொலைபேசியில் சொன்னபோது, மார்ச்சில் வாங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது. இருந்தபோது தன் தங்கையை ஒருமுறைகூட அவர் இங்கே அழைத்ததில்லை.

பத்து நாள் திட்டத்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். விலங்கியல் தோட்டம், செந்தோசா, பூமலை, ஆற்றில் படகு. எல்லாமே வெட்டவெளி. அத்தை சாங்கியில் இறங்கிய இரவே மழை பிடித்துக்கொண்டது. டிசம்பரில் இங்கே சராசரியாக 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். அதிலும் பருவக்காற்று வலுத்துவிட்டால் இரண்டு மூன்று நாள் விடாமல் அடிக்கும். அத்தை ஹவ்காங் வீட்டுச் சன்னலில் உட்கார்ந்து எதிர் புளோக்கைப் பார்த்துக்கொண்டே, "எங்க ஐப்பசி மழை மிச்சத்தத்தான் நீங்க பிடிச்சு வச்சிருக்கீங்களா?" என்றார். சரியாகத்தான் சொன்னார். நாகையை நனைக்கும் அதே வடகிழக்குப் பருவமழைதான் இங்கும்.

இரண்டாம் நாள் அவர் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். தாத்தா. வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. பின்னால் ஒரு மாளிகை, வளைந்த படிக்கட்டு, இரண்டு பூந்தொட்டி. "சின்னப் புள்ளையில இதுதான் எங்கப்பா வீடுன்னு நெனச்சேன். இவ்வளவு பெரிய வீட்டுல இருந்துகிட்டு நம்மள ஏன் கூப்பிடலன்னு அம்மாகிட்ட கேட்டு அடி வாங்கியிருக்கேன்." அது ஸ்டூடியோவில் தொங்கவிட்ட திரை என்பது பிறகு தெரிந்துவிட்டதாம். "தெரிஞ்சா மட்டும் கோவம் போயிருமா?" என்றார்.

தாத்தா ஹார்பர் போர்டில் வேலை பார்த்தவர். 1953இல் வந்தார். ஊருக்குத் திரும்பிப் போனது மூன்றே தடவை. 1961இல் போனபோது 14 வயது மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். 12 வயது மகளை விட்டுவிட்டு வந்தார். 1974இல் இங்கேயே காலமானார். ஊருக்குத் தந்திதான் போனது. நான் பிறந்தது அதற்குப் பிறகு. அத்தை ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்த தாளைக் கிழித்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் லிட்டில் இந்தியாவுக்குப் போனோம். மழை நாளில் வெளியூர்க்காரர்களுடன் கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எங்கே போவது என்பதைவிட, எந்த ரயில் தடத்தில் போவது என்பதை முதலில் யோசியுங்கள். வடகிழக்கு ரயில் பாதையில் ஹவ்காங்கில் ஏறினால், லிட்டில் இந்தியாவில் இறங்கி ஓர் எட்டில் தேக்கா நிலையத்துக்குள் நுழைந்துவிடலாம். கீழே ஈரச்சந்தை, உணவங்காடி. மேலே புடவைக் கடைகளும் தையற்காரர்களும். அரை நாள் அங்கேயே போய்விடும். மதியம் சாலையைக் கடந்து கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையத்துக்குப் போனோம்.

அந்த வட்டாரத்தில் குடை பாதி நேரம் தேவைப்படாது. கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதைதான் காரணம். 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலேயே, ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் கூரையிட்ட தாழ்வாரம் விட வேண்டும், அது வரிசை முழுக்கத் தொடர வேண்டும் என்று விதி இருந்தது. இரு நூற்றாண்டுக்குப் பிறகு அத்தை அதில் நனையாமல் நடந்தார். "நம்ம ஊருத் திண்ணைய இழுத்துத் தைச்ச மாதிரி இருக்கு" என்றார்.

மரபுடைமை நிலையம் 2015இல் திறந்தது. கட்டடத்தின் வடிவம் இந்தியப் படிக்கிணறுகளை ஒட்டியது. உள்ளே ஒரு செட்டிநாட்டு வாசற்கால் இருக்கிறது. விரல் நுனியளவு உருவங்களாக ஆயிரக்கணக்கில் செதுக்கியிருக்கிறார்கள். மற்றவர்கள் அதன் முன்னால்தான் நிற்பார்கள். அத்தை பழைய புகைப்படங்களின் முன்னால் நின்றார். அவற்றில் ஒன்றில் யாரோ ஒருவர், அதே மாதிரி விறைப்பாக, அதே மாதிரி தீட்டிய திரையின் முன்னால். அத்தை கைப்பையைத் திறந்து தன் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "எல்லாப் பயலும் இப்படித்தான் எடுத்து அனுப்பியிருக்கானுவ" என்று சொல்லிச் சத்தமாகச் சிரித்துவிட்டார். பள்ளிப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

தேசிய அரும்பொருளகங்களில் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழைவு இலவசம். வெளியூர்க்காரர்கள் சீட்டு வாங்க வேண்டும். மூத்தோருக்குச் சலுகை உண்டு, கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, கையில் ஒரு சால்வை இருக்கட்டும். மழை நாளில் நம்மூர்க் கட்டடங்களுக்குள் அடிக்கும் குளிர் வெளியே இருக்கும் ஈரத்தைவிட மோசம். கரையோரப் பூந்தோட்டங்களின் கண்ணாடிக் குடில்களுக்கு நான் அத்தையை அழைத்துப் போகாததற்கு அதுவே காரணம். மேகக் காட்டின் 35 மீட்டர் மலை பார்க்க வேண்டியதுதான். ஆனால் மூட்டுவலிக்காரருக்கு அது தண்டனை.

ஜுவலுக்குப் போனது என் மகளின் பிடிவாதம். பள்ளி விடுமுறைக் கூட்டம் தோளோடு தோள் இடித்தது. கூரையின் நடுவிலிருந்து 40 மீட்டர் உயரத்தில் தண்ணீர் விழுகிறது; கட்டடத்துக்குள் விழும் அருவிகளில் உலகிலேயே உயரமானது. கூரையில் பிடிக்கும் மழைநீரும் அதில் சேர்கிறது என்று மகள் விளக்கினாள். அத்தை மேலே பார்த்தார், கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். "வெளியில பெய்யுது, அது வேணாம்னு உள்ள வந்தா, அதையே புடிச்சு உள்ளயும் பெய்ய வுடுறாங்க. காசு கேக்கலியே, அது வரைக்கும் சரி" என்றார். முஸ்தஃபாவில் மூன்று மணி நேரம் போனது தனிக் கதை. கோடாலித் தைலம் மட்டும் ஒரு டஜன்.

தேசிய அரும்பொருளகத்தை அவருக்குப் பிடித்தது. 1887ஆம் ஆண்டுக் கட்டடம், குவிமாடத்தில் வண்ணக் கண்ணாடி. முற்பகலில் போனால் நெரிசல் இல்லை. அங்கே இருக்கும் சிங்கப்பூர்க் கல்லைத் தவறவிடாதீர்கள். ஆற்று முகத்துவாரத்தில் பெரும் பாறையாக நின்றதை 1843இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டு இது. அதில் இருக்கும் எழுத்தை இன்றுவரை யாரும் முழுதாகப் படித்துச் சொன்னதில்லை. "படிக்கத் தெரியாத கடுதாசிய இப்படித்தான் எங்கம்மாவும் பத்திரமா வச்சிருந்துச்சு" என்றார் அத்தை. பாட்டிக்கு எழுத்து தெரியாது. தாத்தாவின் கடிதங்களைத் தபால்காரர்தான் படித்துக் காட்டுவார் என்று அப்பா ஒரு தடவை சொன்னது நினைவுக்கு வந்தது.

ஆறாம் நாளும் விடவில்லை. பூகிஸ் நிலையத்தில் இறங்கி, குடையை விரித்தோம் மடக்கினோம் என்ற தூரத்தில் இருக்கும் தேசிய நூலகத்துக்குப் போனோம். சுற்றுலா வந்தவரை யாராவது நூலகத்துக்கு அழைத்துப் போவார்களா என்று என் மனைவிக்குச் சந்தேகம். நான் அழைத்துப் போவேன். தமிழ் நூல்களுக்குத் தனிப் பகுதி உண்டு. பழைய உள்ளூர் நாளிதழ்களைக் கணினித் திரையிலும் நுண்படத்திலும் பார்க்கலாம். பெரும்பகுதியை வீட்டிலிருந்தே பார்த்துவிட முடியும் என்றாலும், அந்த அமைதியில் உட்கார்ந்து பார்ப்பது வேறு.

"அப்பா எந்தக் கப்பல்ல வந்தாருன்னு தெரியுமா அத்தை?" என்று கேட்டேன். "ரஜூலா" என்றார், யோசிக்காமல். "அந்தப் பேரக் கேட்டாலே அம்மா முந்தானைய வாயில வச்சிக்கும்."

எஸ்.எஸ். ரஜூலா 1926இல் கட்டியது. பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்துடையது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறைவாக நம் ஆட்களைச் சுமந்தது. பெயரை ஆங்கிலத்தில் தட்டினேன். வரிசை வரிசையாக வந்து விழுந்தது. பொடி எழுத்தில் கப்பல் வருகை, புறப்பாடு. நாகப்பட்டினத்தை 'நெகபட்டம்' என்று எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அத்தை திரையில் விரலை வைத்தார்.

"நாகையில கப்பல் கரைக்கு வராது தம்பி. தூரத்துல நிக்கும். படகுல ஏத்திப் போவாங்க. அண்ணன் படகுல உக்காந்து என்னையே பாத்துகிட்டுப் போச்சு. அப்பா திரும்பிப் பாக்கல." சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இன்னொன்னு தட்டு" என்றார். அடுத்த ஆண்டு. அதற்கும் அடுத்த ஆண்டு. ஒரு பக்கத்தில் ரஜூலா புறப்படுகிறது. சில வாரம் தள்ளி இன்னொரு பக்கத்தில் வந்து சேர்கிறது.

இந்தப் பழைய தாள்களைப் பார்த்தால் அத்தையின் மனம் கொஞ்சம் ஆறும் என்று நினைத்துத்தான் அழைத்துப் போனேன். நடந்தது வேறு.

"அப்ப, மாத்தி மாத்தி வந்துகிட்டும் போய்க்கிட்டும்தான இருந்திருக்கு. ஏறினா ஏழெட்டு நாளு. கப்பலே கெடைக்கலன்னு அம்மா சொல்லிச் சொல்லித்தான் எங்கள வளத்துச்சு."

சம்பளம் எவ்வளவு இருந்திருக்கும், சீட்டுக்குப் பணம் சேர்க்க எத்தனை மாதம் ஆகியிருக்கும், விடுப்பு கிடைத்திருக்குமா என்று நான் தாத்தாவுக்காக வக்காலத்து வாங்க ஆரம்பித்தேன். "நீ அவரப் பாத்ததே இல்ல, பேசாத" என்றார். பிறகு குரலைத் தணித்து, "ஒங்கப்பன் ஏதாவது சொன்னானா?" என்று கேட்டார். அப்பா ஒன்றும் சொன்னதில்லை. தீபாவளிக்குப் பணம் அனுப்புவார். அனுப்பிய பிறகு அன்று முழுக்க யாரிடமும் பேச மாட்டார். அதைச் சொன்னேன். அத்தை தலையை ஆட்டிக்கொண்டார். அந்தப் பக்கத்தை அச்செடுத்துத் தரச் சொன்னார். நான்காக மடித்து, படத்தோடு சேர்த்துக் கடப்பிதழுக்குள் வைத்துக்கொண்டார்.

கிளம்புவதற்கு முதல் நாள் எதுவும் பார்க்க வேண்டாம், "அவரு வேல பாத்த எடத்த மட்டும் காட்டு" என்றார். ஹார்பர் போர்டு 1964இலேயே துறைமுக ஆணையமாகிவிட்டது. தஞ்சோங் பகாரில் கொள்கலன் வேலை 2017இல் நின்றுபோனது. நகரத்தை ஒட்டிய முனையங்கள் எல்லாம் துவாஸுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. இருந்தாலும் ஹார்பர்ஃபிரண்ட் நிலையம் நாங்கள் இருக்கும் அதே ரயில் பாதையின் மறுகோடி. மேலே ஏறினால் நேராக விவோசிட்டி கடைத்தொகுதிக்குள். ஒரு துளி மேலே விழாது. கடலைப் பார்த்த கண்ணாடி ஓரம் அத்தைக்கு ஒரு நாற்காலி பிடித்துக் கொடுத்தேன்.

மழையில் செந்தோசா பாதி மறைந்திருந்தது. ஒரு பெரிய உல்லாசக் கப்பல் துறையில் நின்றது. "இந்தப் பக்கம்தான் எங்கயோ மூட்ட தூக்கியிருக்காரு" என்றேன். அதற்கு மேல் அடையாளம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அத்தை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். காப்பி ஆறிப்போனது.

"நாகப்பட்டினம் எந்தப் பக்கம்?"

கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்தேன். வடமேற்கு. கடல் இருந்தது தெற்கே. நாகை இருந்த பக்கம் எங்கள் முதுகுக்குப் பின்னால், கடைகள், கழிவறைப் பலகை, அதற்கும் அப்பால் ஃபேபர் மலை.

அத்தை நாற்காலியில் முழுசாகத் திரும்பி அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு மறுபடி கடலைப் பார்த்தார்.

"இங்கேருந்து பாத்தா தெரியாதுன்னு சொல்லு" என்றார். "சரி, வா. பசிக்குது."