கேட்காமல் கிடைக்கும் பெர்மிஷன்

நம்ம ஊர் ஆபீஸ்களில் ‘பெர்மிஷன்’ என்றால் ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்புவது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மேசைக்கு முன்னால் நின்று கேட்டு வாங்குவது. கம்ப்யூட்டரிலும் இதே சொல்தான். அங்கேயும் கேட்டு நிற்கிறவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான்.

சங்கரன்கோவிலில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். ஏழு பேர் வேலை செய்கிறார்கள். விசைத்தறிக்காரர்கள், நூல் கடைக்காரர்கள் கணக்கெல்லாம் ஒரே பொது ஃபோல்டரில் கிடக்கும். புதிதாகச் சேர்ந்த பையன் உருவாக்கிய ஃபைலை, பதினைந்து வருஷமாக அங்கே இருக்கிற அக்கா திறந்து பார்க்கலாம்; திருத்த முடியாது. “தம்பி, சேவ் ஆவ மாட்டேங்கு, கொஞ்சம் பாருங்களேன்” என்பார். ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு 20-ஆம் தேதி கடைசி நாள். 19-ஆம் தேதி சாயங்காலம் அந்தக் குரல் ரொம்பத் தாழ்ந்திருக்கும்.

லினக்ஸுக்கு மூன்று வகை மனிதர்களைத்தான் தெரியும்: உரிமையாளர், குழு, மற்றவர்கள். படிக்க 4, எழுத 2, இயக்க 1. புது ஃபைல் பெரும்பாலும் 644 என்று பிறக்கும். அதாவது உருவாக்கியவர் எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம். சர்வீஸ் எத்தனை வருஷம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

எல்லோருக்கும் தெரிந்த குறுக்குவழி 777. யார் வேண்டுமானாலும் எதையும் செய்யலாம். இந்த ஊர் சங்கரநாராயணர் ஒரே உருவம்தான்; ஆனாலும் வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. பொது என்றால் வரம்பே இல்லை என்று அர்த்தமில்லையே.

எனக்கு முன்னால் இருந்தவர் ‘க்ரான்’ வழியாக ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருந்தார். ராத்திரி 12 மணிக்கு ஓடி எல்லா ஃபைலையும் குழுவுக்குத் திறந்துவிடும். ஆனால் காலை 10 மணிக்குப் பிறந்த ஃபைல் நாள் முழுக்கப் பூட்டியே கிடக்கும். அதனால் பையனின் பாஸ்வேர்டு ஒரு துண்டுச்சீட்டில் அக்காவின் கீபோர்டுக்கு அடியில் இருந்தது. அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. 1962-லேயே எம்ஐடியின் பகிர்வுக் கணினியில், வாரத்துக்கு நான்கு மணி நேரம் போதாமல், ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர் பாஸ்வேர்டு ஃபைலையே பிரிண்ட் எடுத்திருக்கிறார். வேலை முடங்கினால் மனிதர்கள் சுவரேறிக் குதிப்பார்கள்.

எனவே விதியை ஃபோல்டரிலேயே வைத்தேன். ‘செட்-ஜிஐடி’ போட்டால், உள்ளே பிறக்கும் ஃபைல் ஃபோல்டரின் குழுவையே எடுத்துக்கொள்ளும். ஆனால் குழுவுக்கு எழுதும் உரிமை அதனால் மட்டும் வந்துவிடாது. அதற்கு ‘டீஃபால்ட் ஏசிஎல்’ என்ற முன்னிருப்புப் பட்டியல் வேண்டும். வெளியிலிருந்து நகர்த்திக் கொண்டுவரும் ஃபைல்கள் பழைய அனுமதியோடே வரும். ராத்திரி ஸ்கிரிப்ட் இப்போது அவற்றுக்கு மட்டும். யாராவது வேலையை விட்டுப் போனால், குழுவிலிருந்து ஒரு பெயரை எடுத்தால் போதும்.

கமாண்டுகளுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. குழுவில் யார் யார் என்று ஆடிட்டரோடு பேசத்தான் அரை நாள் ஆனது. அக்கா பெயரில் பேச்சே இல்லை. பயிற்சிக்கு வந்திருக்கும் பெண்ணுக்கு? இப்போதைக்குப் படிக்க மட்டும் என்று முடிவானது. இனி அந்தப் பெண் ஒரு ஃபைலைத் திருத்தப் போனால் மெஷின் தானாகவே மறுக்கும். ஆனால் மறுத்தது மெஷின் இல்லை, நாங்கள் இரண்டு பேர். அதனால் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து, முடிவு செய்தவர்கள் பெயரையும் கீழே எழுதி, சர்வருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.